மூன்றடி உயரத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட்: வீட்டுக் கடன் வாங்கப் போகும் கடலூர் வாசகிக்கு

கடலூரிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் வீடு இருக்கும் நகரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 36. புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர். தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். சம்பளம் 28,000 ரூபாய். கணவர் கடலூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். மாதம் 25,000 முதல் 30,000 வரை வரும், மழை மாதங்களில் குறையும். பத்து வருடமாகத் திருப்பாதிரிப்புலியூரில் வாடகை வீடு. சீட்டுப் பணம், நகை எல்லாம் சேர்த்துக் கையில் 13 லட்சம் தேறும். தென்பெண்ணை ஆற்றிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரில், 1,800 சதுர அடி மனையில் 1,100 சதுர அடிக்குக் கட்டிய தனி வீடு ஒன்று 42 லட்சத்துக்கு வந்தது. இந்தக் கையிருப்பிலிருந்தே இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்து, மூன்று மாதக் கெடுவில் கிரய ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். கெடு முடிய இன்னும் ஆறு வாரம்.

சம்பளக் கணக்கு வைத்திருக்கும் பொதுத்துறை வங்கி, வீட்டின் மதிப்பு 34 லட்சம்தான் என்று சொல்லி 25 லட்சம் கடன் தர ஒப்புக்கொண்டது. ஏன் என்று கேட்டதற்கு, "சிஸ்டத்துல லொக்கேஷன் ரிஸ்க் காட்டுதும்மா, என் கையில ஒண்ணும் இல்ல" என்றாராம் அதிகாரி. பழைய கடன்களை எப்படிக் கட்டினார் என்று காட்டும் சிபில் மதிப்பெண் கணவருக்கு 684 என்பதும் ஒரு காரணமாம். இன்னொரு பக்கம், ஒரு வீட்டுக் கடன் நிறுவனம் செயலி வழியாகவே எல்லாம் முடித்து 33 லட்சம் தருவதாகச் சொல்கிறது. வட்டி மட்டும் இரண்டு சதவீதம் கூடுதல். "வெள்ளமெல்லாம் நாங்க பார்க்கிறதே இல்ல மேடம்" என்றிருக்கிறார் அதன் முகவர். மாமனாரோ, "ஆத்துத் தண்ணி அம்பது வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்குள்ள ஏறும், அதுதான் வந்துட்டுப் போயிடுச்சே" என்கிறார். 2024 வெள்ளத்தில் வாசல் படி வரைதான் தண்ணீர் வந்தது என்பது விற்பவரின் பேச்சு.

கடிதத்தின் கடைசியில், மறந்துபோய்ச் சேர்த்தது மாதிரி ஒரு வரி: "உள் அறைச் சுவர்களில் மூன்றடி உயரத்துக்கு மட்டும் பெயின்ட் புதுசாக இருந்தது. கேட்கலாமா என்று தெரியவில்லை."

ஒரு கணினி எங்கள் பகுதியையே எப்படி ஒதுக்கலாம், வங்கி மேல் புகார் தர முடியுமா, 33 லட்சத்தை வாங்கிக்கொள்ளலாமா, பின்வாங்கினால் முன்பணம் திரும்புமா, இன்சூரன்ஸ் எடுக்கும்போது பழைய வெள்ளத்தைச் சொல்லாமல் விடலாமா (விற்பவர் சொல்லிக்கொடுத்த யோசனை இது) என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

கேட்கலாமா என்று தயங்கி எழுதிய அந்தக் கடைசி வரிதான் உங்கள் கடிதத்திலேயே கனமான வரி. வங்கியின் கணினிக்குத் தெரியாத ஒன்றை நீங்கள் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பதில் முழுவதையும் எழுதப் போகிறேன்.

இருபது வருடத்துக்கு மேலாகச் சொத்து வழக்குகள் பார்க்கிறேன், வங்கிகளுக்கு லீகல் ஒப்பீனியனும் எழுதித் தருகிறேன். மூலப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு (நிலத்தின் வகையைக் காட்டும் கிராமக் கணக்கு), புலப்படம் (நிலத்தின் எல்லை வரைபடம்), கட்டட அனுமதி என்று எல்லாம் பார்ப்போம். அந்த இடத்தில் தண்ணீர் நிற்குமா என்று கேட்க எங்கள் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. பத்திரத்தில் ஒரு பிசிறும் இல்லை என்று நான் கையெழுத்திட்ட வீடுகள் சிலவற்றில் 2015 மழையில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வங்கி கடன் கொடுத்துவிட்டது, அப்படியானால் வீடு நல்ல வீடுதான் என்று நம்பி வாங்கியவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கை தவறு. இருபது வருடத் தவணை கட்டப் போகிற ஒவ்வொருவருக்கும் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன்.

கணினி எதைப் பார்க்கிறது

முன்பெல்லாம் மேலாளர் ஆளைப் பார்ப்பார், சம்பளச் சீட்டைப் பார்ப்பார், மதிப்பீட்டாளர் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வருவார். இன்று இவற்றோடு தகவல் குவியல் ஒன்று சேர்ந்துகொண்டது. சிபில் மாதிரி நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. வங்கிகள் அவற்றுக்கு மாதம் ஒருமுறை விவரம் அனுப்பி வந்தது மாறி, 2025 ஜனவரியிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது அனுப்ப வேண்டும் என்றாகிவிட்டது. உங்கள் சம்மதத்தோடு வங்கிக் கணக்கு விவரத்தை நேரடியாக வாங்கிக்கொள்ளும் அக்கவுன்ட் அக்ரிகேட்டர் முறையும் 2021-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. மதிப்பீட்டாளர் எடுக்கும் படத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை பதிவாகிறது. அந்தப் புள்ளியை வெள்ள வரைபடத்தின் மேல் வைத்துப் பார்ப்பது அதற்கடுத்த படி.

இதில் உங்களுக்கு நன்மையும் உண்டு. சம்பளச் சீட்டு இல்லாத உங்கள் கணவர் மாதிரி ஆட்களை, பட்டறைக் கணக்கில் வந்து விழும் யு.பி.ஐ. வரவுகளே இன்று பேச வைக்கின்றன. அமெரிக்காவில் வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே நிறுவனம், ஒழுங்காக வாடகை கட்டிய வரலாற்றையும் கடன் தகுதியில் சேர்க்க 2021-இல் தொடங்கியது. நீங்களும் பத்து வருடம் வாடகை கட்டியவர். அது வங்கிக் கணக்கு வழியாகப் போயிருந்தால் அந்தப் பக்கங்களை அச்செடுத்து அதிகாரியிடம் கொடுங்கள். அவராகத் தேடிப் பார்க்க மாட்டார்.

ஆனால் அதே கணக்கில், மழை மாதங்களில் பட்டறை வரவு சரிந்ததும் தெரியும். உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரும் மாதமும் மின்சாரம் இல்லாமல் லேத் நின்றுபோகும் மாதமும் ஒன்றாகத்தான் இருக்கும். வீடும் வருமானமும் ஒரே நாளில் அடிவாங்கும் குடும்பம் உங்களுடையது. வங்கி பயப்படுவது இதற்காக என்றால், நீங்களும் அதைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும்.

இடத்துக்கான மதிப்பெண் விஷயத்தில் உங்கள் கோபம் பாதி நியாயமானது. எல்லா வங்கிக்கும் பொதுவான வெள்ள மதிப்பெண் என்று ஒன்று இந்தியாவில் இன்னும் இல்லை. இந்த விவரங்களை ஒரே இடத்தில் திரட்டித் தர ஒரு தகவல் அமைப்பை உருவாக்கப் போவதாக ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில்தான் அறிவித்தது. இப்போதைக்குப் பலரும் பயன்படுத்தும் இலவச உயர வரைபடம் ஒன்று, 2000-இல் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்தது. அதில் ஒரு கட்டம் என்பது முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர். நம் கணக்கில் சுமார் நான்கு கிரவுண்டு. அந்த நான்கு கிரவுண்டுக்கும் சேர்த்து ஒரே உயரம்தான் இருக்கும், அதுவும் சில மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். கடலூர் மாதிரி தட்டையான ஊரில் தண்ணீர் உள்ளே வருவதற்கும் வாசலோடு நிற்பதற்கும் நடுவில் இருப்பது இரண்டடி. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பேஸ்மட்டத்தை நான்கடி உயர்த்திக் கட்டியிருந்தாலும் அந்தக் கட்டத்துக்கு அது தெரியாது. மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோள்கள் வயலில் நிற்கும் வெள்ளத்தைத் தெளிவாகக் காட்டும், நெருக்கமான தெருக்களுக்குள் தடுமாறும். ஆகவே சிவப்பு என்று காட்டுவதும் பிசகலாம், பச்சை என்று காட்டுவதும் பிசகலாம்.

வரைபடத்தில் நிறம் பூசிக் கடனை மறுப்பதற்கு ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. 1930-களில் அமெரிக்காவில் ஒரு அரசு நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களை நிறம் பிரித்து வரைந்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்கள் சிவப்பாயின. சிவப்புக்குள் கடன் கிடைப்பது அரிதானது. 1968-இல் சட்டம் அதைத் தடை செய்த பிறகும் அந்தத் தெருக்கள் எழுந்து வரவில்லை. நம் ஊரிலும் மேட்டு நிலம் யாருக்குப் போனது, பள்ளம் யாருக்கு மிஞ்சியது என்று எல்லோருக்கும் தெரியும். காலனிகளும் குப்பங்களும் தண்ணீர் முதலில் வந்து நிற்கும் இடத்தில்தான் இருக்கின்றன. இந்த மதிப்பெண்களைக் கேள்வி கேட்காமல் விட்டால் வீட்டுக் கடன் கிடைக்காத ஊர்களின் பட்டியலில் அவைதான் முதலில் இருக்கும். இந்தக் கவலை எனக்கு உண்மையாகவே உண்டு. ஆனாலும் வரைபடத்தில் ஓட்டை இருக்கிறது என்பதால் ஆறு பொய்யாகிவிடாது.

மாமனாரின் ஐம்பது வருடக் கணக்கு

பெரியவர் சொல்வதை அவமதிக்காமல் ஒரு கணக்கு மட்டும் போட்டுக் காட்டுங்கள். ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்பதற்கு, வந்துவிட்டால் அடுத்த ஐம்பது வருடம் நிம்மதி என்று அர்த்தம் கிடையாது. ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கு இரண்டு பங்கு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். உங்கள் கடன் ஓடும் இருபது வருடத்தில் ஒரு தடவையாவது அது வர மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. பத்து வருடத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் நூற்றுக்கு எண்பத்தெட்டு.

இனி நம் ஊரின் கதையைப் பாருங்கள். 2004 சுனாமி. 2011 டிசம்பர் 30 தானே புயல். 2015 மழை. 2020 நிவர் புயல். ஆற்றோரம் என்றால் இன்னும் நெருக்கமாக வருகிறது: 2021 நவம்பரில் தென்பெண்ணை கரை மீறியது. மூன்று வருடம் கழித்து ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்து அங்கேயே தங்கிக் கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. உங்கள் பகுதிக்கு வந்தது அந்தத் தண்ணீர். கடலூரில் பெய்த மழையை மட்டும் அளந்துகொண்டிருந்தால் அது கணக்கிலேயே வராது, ஏனென்றால் தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களைக் கடந்து நம்மிடம் வருகிற ஆறு. உச்சிமேடு, நாணமேடு என்று பெயரிலேயே மேட்டை வைத்திருக்கும் ஊர்களுக்குள்ளும் அது புகுந்தது.

வீட்டை நீங்களே அளங்கள்

விற்பவருக்குச் சொல்லாமல், பகலில் ஒருமுறை கணவரோடு அந்தத் தெருவுக்குப் போங்கள். கையில் ஒரு டேப் இருக்கட்டும். பெயின்ட் சுவரை மறைக்கும், மரத்தை மறைக்காது. கதவு நிலையின் அடிப்பக்கம் உப்பியிருக்கிறதா, கதவுப் பலகையின் கீழ்விளிம்பு விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்ச் பெட்டியைத் திறக்கச் சொல்லி உள்ளே காய்ந்த மண் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மீட்டர் பெட்டி சமீபத்தில் மேலே ஏற்றப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். வீட்டுக்காரர் துடைக்க மறந்த கோடு, காம்பவுண்டுச் சுவரின் பின்புறத்தில் அநேகமாக அப்படியே இருக்கும்.

அதன் பிறகு பக்கத்து வீடுகளில் பேசுங்கள். 2024 டிசம்பர் முதல் வாரத்துப் படங்கள் யாருடைய போனிலாவது இருக்கும், தேதியோடு. தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எத்தனை நாள் நின்றது, கழிவுநீர்த் தொட்டி பொங்கியதா, அதற்குப் பிறகு போர் தண்ணீர் உப்பானதா என்று கேளுங்கள். பால் ஊற்றுகிறவருக்கும் இஸ்திரி வண்டிக்காரருக்கும் அந்தத் தெருவில் விற்க வேண்டிய வீடு எதுவும் இல்லை, அதனால் உள்ளதைச் சொல்வார்கள். அ-பதிவேட்டில் அந்தப் புல எண் முன்பு நஞ்சையாக இருந்ததா, புலப்படத்தில் வாய்க்காலோ ஓடையோ ஒட்டிப் போகிறதா என்பதையும் உங்கள் வழக்கறிஞரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இதை அலைச்சல் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் வீடு விற்கும் இணையப் பக்கங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் வெள்ள மதிப்பெண் போடும் பழக்கம் 2020-லிருந்து பரவியது. ஜில்லோ தளம் 2024-இல் சேர்த்த அந்த எண்களை, விற்கிறவர்கள் பக்கத்திலிருந்து வந்த எதிர்ப்புக்குப் பிறகு அடுத்த வருடமே விளம்பரப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டது. அந்த எண் வெளியே தெரிவதில் விற்கிறவருக்கு எந்த ஊரிலும் லாபம் இல்லை.

புகார் தர முடியுமா

எந்தத் தொகைக்கான கடன் விண்ணப்பத்தை நிராகரித்தாலும் முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2007-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. உங்களுக்கு நடந்தது நிராகரிப்பு இல்லை, குறைத்துத் தந்தது. என்றாலும் இதைச் சுட்டிக்காட்டி ஒரு கடிதம் கொடுத்து, மதிப்பு 34 லட்சமானதற்குக் காரணமும் மதிப்பீட்டு அறிக்கையின் நகலும் கேளுங்கள். அறிக்கைக்குக் கட்டணம் கட்டியது நீங்கள். சதுர அடி தவறாகவோ, வேறு தெருவின் புள்ளி பதிவாகியோ இருந்தால் மறுமதிப்பீடு கேட்கலாம்.

அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். எவ்வளவு கடன் தருவது என்பது வங்கியின் வணிக முடிவு. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் அதில் தலையிட மாட்டார். "30 லட்சம் வரை 90 சதவீதம் தரணும்னு சட்டமே இருக்கே" என்று எழுதியிருக்கிறீர்கள். அது உச்சவரம்பு. 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90, அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வங்கியைக் கட்டுப்படுத்தும் விதி. அவ்வளவையும் கேட்டு வாங்கும் உரிமையை அது உங்களுக்குத் தரவில்லை.

கணவரின் சிபில் விஷயம் சரிசெய்யக் கூடியது. 2020 ஊரடங்கில் கட்ட முடியாமல் பாதித் தொகைக்கு முடித்துக்கொண்ட கிரெடிட் கார்டு, அறிக்கையில் 'செட்டில்டு' என்று நிற்கிறது. முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைத்தீர்கள். பாக்கியைத் தள்ளுபடி செய்தோம் என்றுதான் வங்கி அதைப் படிக்கும். விட்டுப்போன தொகையைக் கட்டி, பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்கி, 'குளோஸ்டு' என்று மாற்றச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகக் கிடைக்கும். அதில் தவறு இருந்து, புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

33 லட்சம் வேண்டாம்

இதில் எனக்குத் தயக்கமே இல்லை. இருபது வருடத்துக்கு 25 லட்சம், 8 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 20,900. 33 லட்சம், 10 சதவீதம் என்றால் சுமார் 31,800. உங்கள் இருவர் வருமானம் நல்ல மாதத்தில் 58,000. அதில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகும். பட்டறை நிற்கும் மாதத்தில் உங்கள் சம்பளம் மொத்தமும் தவணைக்குப் பற்றாது. 42 லட்சத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 3,78,000 ரூபாய் தனி. கடன் கணக்கில் அது சேராது. 9 லட்சமும் இதுவும் போனால் உங்கள் 13 லட்சத்தில் மிஞ்சுவது 22,000 ரூபாய். அந்த 22,000-ஐ வைத்துக்கொண்டு ஆற்றோரத்தில் முதல் ஐப்பசி மழையைப் பார்க்கப் போகிறீர்களா?

வெள்ளத்தைப் பார்க்கிறதே இல்லை என்று முகவர் சொன்னதை ஒரு சலுகை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் வந்து வீட்டின் விலை விழுந்தாலும் நீங்கள் கையெழுத்திட்ட கடன் அப்படியே நிற்கும். தவணை தவறினால் சர்ஃபேசி என்ற 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து வீட்டைக் கைப்பற்றும் வழி கடன் தந்தவருக்கு உண்டு. அவர் வெள்ளத்தைப் பார்க்காவிட்டால் அந்தப் பாரத்தையும் சேர்த்து நீங்கள் சுமக்கிறீர்கள். செயலியில் சம்மதம் தருவதற்கு முன்னால் ஒன்று: கணக்கு விவரத்தை எதற்காக, எத்தனை நாளுக்குக் கேட்கிறார்கள் என்று படியுங்கள். அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். போனில் உள்ள தொடர்பு எண்களையோ படங்களையோ கேட்டால் மறுத்துவிடுங்கள். கடன் செயலிகள் அவற்றைத் தொட ரிசர்வ் வங்கி விதிகளில் இடமில்லை.

இப்போது வங்கி சொன்ன 34 லட்சத்தை வேறு விதமாகப் பாருங்கள். வீடு 34 லட்சத்துக்கே முடிந்தால், 25 லட்சம் கடன் போக 9 லட்சம், பத்திரச் செலவு 3,06,000. மொத்தம் 12,06,000. உங்கள் கையில் இருப்பதற்குள் அடங்கும். உங்களுக்கு அவமானமாகப் பட்ட அந்த எண்தான் விற்பவரிடம் பேரம் பேச உங்களிடம் இருக்கும் ஒரே எழுத்துமூல ஆதாரம். நாளைக்கு வேறு யார் வாங்க வந்தாலும், அவருடைய வங்கியும் இதே மாதிரி யோசிக்கத் தொடங்கிவிட்டது என்பது விற்பவருக்கும் சொல்ல வேண்டிய விஷயம். 36 லட்சத்துக்குக் கீழே இறங்க மாட்டார் என்றால், என் கணக்கில் இந்த வீடு உங்களுக்கு இல்லை.

இன்சூரன்ஸில் ஒளிக்காதீர்கள்

2024 டிசம்பரில் ஒரு தம்பதி என் அலுவலகத்துக்கு வந்தார்கள். தலையணை உறைக்குள் கடன் கோப்பைப் போட்டுக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ரப்பர் ஸ்டாம்ப் மை ஊதாவாகப் பரவியிருந்தது. மேஜை மேல் பழைய தினசரியை விரித்து, மின்விசிறியைக் குறைத்து வைத்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்தோம். "பேங்க்லயே இன்சூரன்ஸ் போட்டிருக்காங்க சார், முப்பத்தெட்டாயிரம் புடிச்சாங்க" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பாலிசித் தாள் காய்ந்ததும் படித்தேன். கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் உயிர்க் காப்பீடு அது. வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. அதைச் சொல்ல வேண்டியிருந்த அந்த ஐந்து நிமிடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆகவே எந்த வீடு வாங்கினாலும், வீட்டுக்கான பாலிசி எது, உயிருக்கான பாலிசி எது என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுப் பாலிசியை 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தருகின்றன. வெள்ளம், புயல், தீ எல்லாம் அதில் அடங்கும். காப்பீட்டுத் தொகையைத் திரும்பக் கட்டும் செலவை வைத்துக் கணக்கிட வேண்டும், மனையின் விலை அதில் வராது. 1,100 சதுர அடிக்கு, சதுர அடி 2,200 ரூபாய் ஆகும் என்று வைத்தால் 24,20,000. வீட்டுப் பொருட்களுக்கு அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகவே சேரும். விண்ணப்பத்தில் முந்தைய வெள்ளம் பற்றிக் கேட்டால் உள்ளதை எழுதுங்கள். தெரிந்தே மறைத்தால், தண்ணீர் வந்த அன்றைக்கு உங்கள் கோரிக்கையைத் தள்ளிவிட அது ஒன்றே போதும். இதைச் சொல்லிக்கொடுத்தவர் விற்பவர் என்பதையும் மனதில் வையுங்கள். படியோடு நின்ற தண்ணீரை மறைக்கச் சொல்ல அவருக்கு என்ன அவசியம்?

ஒப்பந்தமும் முன்பணமும்

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். உங்களுடையது பதிவானதா, வெறும் முத்திரைத்தாளில் இருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பும் என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் கவலையில்லை. மாறாக அச்சாரம் என்று குறிப்பிட்டு, வாங்குபவர் தவறினால் திரும்பாது என்று எழுதியிருந்தால், காரணமின்றிப் பின்வாங்கினால் அதை இழக்க நேரிடலாம். அதனால்தான் பின்வாங்குவதாக வாயால்கூட இப்போது சொல்லாதீர்கள்.

சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, தனக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. உள்ளே தண்ணீர் நின்ற வரலாறு அப்படிப்பட்ட குறை என்று வாதிட இடம் உண்டு. ஆனால் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரியக் கூடியதை வாங்குபவர் பார்க்காமல் விட்டால் அந்தப் பிரிவு கைகொடுக்காது. நீங்கள் பெயின்ட்டைப் பார்த்துவிட்டீர்கள். பார்த்தும் கேட்காமல் பத்திரம் முடித்தால், பிறகு எனக்குத் தெரியாது என்று எந்த நீதிமன்றத்திலும் சொல்ல முடியாது.

ஆகவே கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். "2021 நவம்பரிலும் 2024 டிசம்பரிலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா, எத்தனை அடி, எத்தனை நாள், சுவரின் கீழ்ப்பகுதி எப்போது, எதற்காகப் பெயின்ட் அடிக்கப்பட்டது" என்று நான்கே வரி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் இந்த வாரமே போகட்டும். வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். வந்தது என்றால் விலையைப் பேசத் தொடங்குங்கள். பதிலே வராவிட்டால், தபால் ரசீதையும் ஒப்பந்தத்தையும் வங்கியின் மதிப்பீட்டு அறிக்கையையும் எடுத்துக்கொண்டு, கெடு முடிய மூன்று வாரமாவது இருக்கும்போது ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.